மாமாவுக்கு வைத்த தனித்தட்டு

எண்பதுகளின் கடைசியில் அத்தா, அம்மா, நான் மூவரும் சிங்கப்பூரின் ஈசூனில் குடியிருந்தோம். அம்மாவின் தம்பியும் எங்களோடுதான் இருந்தார். சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை அவருக்கு. மாமாவின் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தபோது எனக்கு எட்டு வயது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. தொலைக்காட்சிச் செய்தியில் அந்த நோயின் பெயர் வந்தால் அத்தா எழுந்துபோய் நிறுத்திவிடுவார், மாமா அறைக்குள் போய்விடுவார். பெரியவர்களுக்குச் செய்தி அலுத்துவிட்டது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

நோன்புப் பெருநாளன்று சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில்தான் கூடுவார்கள். கூடத்தில் பாய் விரித்து ஆண்களுக்குச் சகன் வைப்போம்: ஒரு பெரிய தாம்பாளத்தில் பிரியாணி, சுற்றிலும் நாலு பேர். அந்த வருடம் மாமாவுக்கு மட்டும் கதவோரமாகத் தனித்தட்டு. அத்தாவின் ஏற்பாடு அது. பூப்போட்ட பீங்கான் தட்டில் முழு முட்டை, யாரும் பங்குக்கு வரமுடியாத இரண்டு கறித்துண்டு. எனக்கு வயிறு எரிந்தது. எனக்கும் தனித்தட்டு வேண்டும் என்று அடம்பிடித்து அத்தாவிடம் கன்னத்தில் ஒன்று வாங்கினேன். பெருநாள் அன்று எங்கள் வீட்டில் பிள்ளைகளை அடிக்கும் வழக்கமே கிடையாது.

வந்தவர்களுக்கெல்லாம் விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது. மாமாவின் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டார்கள். மாமா தட்டில் கைவைக்கவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்தார்.

“லாத்தா, தேக்காவுல ஒரு ரூம் பாத்துட்டேன். இன்னிக்கே போயிடறேன் லா,” என்றார் அடுப்படியில் நின்ற தன் அக்காவைப் பார்த்து.

அம்மா எப்போதும் எல்லாரும் சாப்பிட்ட பிறகு, அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவார். அன்று முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, ஆண்கள் நடுவே நடந்துவந்து அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.

“உக்காரு தம்பி.”

“ஆம்பளைங்க இருக்காங்க. நீ உள்ள போ,” என்றார் அத்தா.

“ஒண்ணா சாப்பிட்டா ஒட்டாதுன்னு டாக்டரு சொன்னாருங்க. உங்ககிட்டயும் சொன்னேன்ல?”

“ஊரு வாயை டாக்டரா வந்து மூடுவாரு?”

அம்மா தட்டில் கைவைத்துப் பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டார். மாமாவும் உட்கார்ந்தார். அழுதுகொண்டே சாப்பிட்டார். சிலர் பாதியில் கைகழுவிவிட்டுக் கிளம்பினார்கள். அதன்பிறகு அவர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. அத்தா அம்மாவிடம் பேச வெகுநாளாயிற்று. மாமா தேக்காவுக்குப் போகவில்லை. அடுத்த நோன்புக்கு முன்பே எங்கள் வீட்டில் இறந்துபோனார். அதுவரை அம்மா அவரைத் தனியாகச் சாப்பிட விட்டதில்லை.

அன்று கன்னத்தைத் தடவியபடி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அம்மாவை நினைத்து வெட்கம் வெட்கமாக வந்தது. இத்தனை ஆண்கள் பார்க்க, தம்பியின் தட்டிலேயே கைவைக்கிற அளவுக்கா ஒருத்திக்குப் பசிக்கும் என்று.