வேண்டுதல் முடி

1999 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. காலை எட்டரைக்கு எங்களைக் கலிஃபோர்னியாவின் டப்ளின் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு என் வீட்டுக்காரர் ஆபீஸுக்குப் போய்விட்டார். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று அந்த வருடம் முழுக்க அவருக்கு லீவே கிடையாது. எங்கள் வீடு இருந்த சான் ரமோனிலிருந்து ஸ்டேஷன் எட்டு மைல். சான் பிரான்சிஸ்கோவுக்கு ரயிலில் முக்கால் மணிக்கு மேலாகிறது. டிக்கெட் நாலு டாலர் போல.

எட்டு வயது மகள் கிருத்திகா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைக்குழந்தையாக அவள் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் அவள் முடியை இறக்குகிறேன் என்று பழனி முருகனை வேண்டியிருந்தேன். டிசம்பரில் நானும் அவளும் மட்டும் ஊருக்குப் போகிறோம். ஒரு மாதமாக வீட்டில் இதே சண்டை. எனக்கு அலுத்துப்போய்விட்டது.

"எவ்ரிபடி வில் லாஃப் அட் மீ, மா."

"சாமி காரியத்துல அப்படிச் சொல்லக் கூடாது கண்ணு."

அன்று நாங்கள் ஒரு விழாவுக்குப் போனது அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தான். இந்நாட்டின் பூர்வகுடிப் பிள்ளைகளை அந்தக் காலத்தில் வீட்டைவிட்டுப் பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்திருக்கிறார்கள். அங்கிருந்து மீண்டு வந்தவர்களுக்கு அன்று நகரத்தின் மரியாதை.

பத்து மணிக்கு சிட்டி ஹால் எதிரே மைதானம். ஊசியாய்க் குத்தும் காற்று. பெரிய மேளம் ஒன்றைச் சுற்றி உட்கார்ந்து நாலைந்து பேர் அடித்தார்கள். நாம் பொன்னாடை போர்த்துகிற மாதிரியே முதியவர்களுக்குக் கம்பளி போர்த்தினார்கள். அவர்களில் ஓர் அம்மாள் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "முதல் நாளே என் பின்னலை வெட்டினார்கள். எங்கள் ஜனம் சாவு விழுந்தால்தான் முடி வெட்டும். அம்மா செத்துவிட்டாள் என்று நினைத்து அழுதேன். இல்லை என்று சொல்ல அங்கே ஆளில்லை."

கும்பிட வேண்டும்போல் இருந்தது. வரிசையில் போய்க் கும்பிட்டேன். அவர் கிருத்திகாவின் பின்னலைத் தொட்டுப் பார்த்து, "நன்றாக இறுக்கிப் பின்னியிருக்கிறதே" என்றார்.

"இட்ஸ் கோயிங் இன் டிசம்பர்" என்றாள் இவள்.

அவர் என்னைப் பார்த்தார். "வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா?"

"இல்லைங்க, சாமிக்குக் காணிக்கை" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

"நல்லது. அவளே கொடுக்கிறாளா?"

பழனியில் முடி இறக்குகிற இடத்தில் குழந்தைகளின் அழுகை எப்போதும் கேட்கும். நானும் என் தம்பியை மடியில் அமுக்கிப் பிடித்திருக்கிறேன். இப்படி யாரும் கேட்டதில்லை. கிருத்திகாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திரும்புகிற ரயில் கடலுக்கடிச் சுரங்கத்தில் போகும்போது காது அடைத்துக்கொண்டது. கண்ணை மூடி முருகனிடம் பேசினேன். வெளிச்சம் வந்ததும் கிருத்திகாவிடம் சொன்னேன்: "உனக்கு மொட்டை வேண்டாம் கண்ணு. வேண்டிக்கிட்டது நான். என் முடியையே குடுத்துடறேன்."

"யூ? ஆல் ஆஃப் இட்?"

"ஆமா."

"வில் முருகா பி மேட்?"

"கேட்டுட்டேன். ஒண்ணும் சொல்லலை."

அவள் நகர்ந்து வந்து என்மேல் சாய்ந்துகொண்டாள். மூன்று மணிக்கு டப்ளினில் காரோடு நின்ற வீட்டுக்காரரிடம் சொன்னேன். என் கொண்டையையே பார்த்தார். காரைக் கிளப்பினார்.

"திரும்பி வர்றப்போ இங்க பயங்கரக் குளிரா இருக்கும்" என்றார் பிறகு. "கம்பளிக் குல்லா ஒண்ணு வாங்கிடலாம்."