ராஜாங்கத்தின் மூன்று நாற்காலிகள்

ராஜாங்கம் மில்லில் தறி ஓட்டினார். முகூர்த்த நாட்களில் விசேஷ வீடுகளில் பாட்டுக் குழுவோடு ஆர்கன் வாசித்தார். 1974இல் அந்தக் குழுவில் அவரையும் சேர்த்து நான்கு பேர் இருந்தார்கள். ஆர்கன் துணி அலமாரி அளவுக்கு இருக்கும். அதை ரிக்‌ஷாவில் ஏற்றினால் அவருக்கு இடம் இருக்காது. பின்னால் சைக்கிளில் போவார்.

சில வருஷத்தில் குழு கரைந்தது. பாட்டுக்காரர் சக்கரபாணி பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் கட்டி பாரிசுக்குப் போனார். கித்தார்காரர் ஆட்டோ ஓட்டப் போனார். டிரம்ஸ் வாசித்த வைத்திக்குப்பத்து அம்மாவாசைக்குக் காரைக்காலில் அரசாங்க வேலை கிடைத்தது. சண்டை எதுவும் இல்லை. ஒருநாள் ஒத்திகைக்கு ராஜாங்கம் மட்டும் வந்தார். ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

1984இல் சக்கரபாணி லீவில் வந்தபோது ராஜாங்கத்துக்கு ஒரு கீபோர்டு கொண்டுவந்து கொடுத்தார். கைக்குழந்தை எடைதான். பொத்தானை அழுத்தினால் அதுவே டிரம்ஸ் வாசித்தது. கூட வந்த புத்தகம் பிரெஞ்சில் இருந்ததால், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் தெருக்காரர் ஒருவரிடம் ராஜாங்கம் எடுத்துப் போனார். அவர் எழுந்து நின்று முழுவதையும் உரக்கப் படித்தார்.

"தண்ணி படக் கூடாதுன்னு நாலு எடத்துல போட்டிருக்கு," என்றார்.

மற்றதை ராஜாங்கமே கண்டுபிடித்துக்கொண்டார்.

குழு என்று நினைத்து அழைத்தவர்களுக்கு ஒற்றை ஆளைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. காலாப்பட்டில் ஒரு பெண் வீட்டார், மற்ற மூன்று பேரும் வரட்டும் என்று முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். ராஜாங்கத்தின் மனைவி கமலவேணி வழி சொன்னாள்.

"பக்கத்துல மூணு நாற்காலி போட்டு வைங்க. கேட்டா, சாப்புடப் போயிருக்காங்கன்னு சொல்லுங்க."

அதன்பிறகு யாரும் குறை சொல்லவில்லை. சில வீடுகளில் நான்கு தாம்பூலப் பை கொடுத்தார்கள்.

1986இல் தவளக்குப்பத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. நடுப்பகல். விருந்துக்கு வந்திருந்த அம்மாவாசை கையைத் துடைத்துக்கொண்டே மேடைக்கு வந்து டிரம்ஸ்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என் எடம் காலியாதான் இருக்குது போல."

"நீ சாப்புடப் போயிருக்க," என்றார் ராஜாங்கம்.

"சாப்ட்டு வந்துட்டேன்."

அம்மாவாசை கையைக் கட்டிக்கொண்டு கீபோர்டு மிஷின் தானே டிரம்ஸ் வாசிப்பதைக் கேட்டார். மூன்றாவது பாட்டின் நடுவில் கரண்டு போனது. மைக் செட் நின்றது. கீபோர்டில் பேட்டரி இருந்ததால் அதன் சின்ன ஸ்பீக்கர் மட்டும் மேடையோடு கேட்டுக்கொண்டிருந்தது. கூட்டம் பேச ஆரம்பித்தது. அம்மாவாசை எழுந்து, தான் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினார். கூட்டம் திரும்பிப் பார்த்தது.

இரண்டாம் சரணத்தில் ராஜாங்கத்துக்கு ஒரு விஷயம் தெரிந்தது. மிஷின் ஆரம்பித்த வேகத்திலேயே இருந்தது, அம்மாவாசை அதைத் தாண்டிப் போயிருந்தார். இரண்டு வருஷமாக மிஷினோடு வாசித்த காதுக்கு அது இப்போதுதான் பிடிபட்டது. கொஞ்ச நேரம் இரண்டு பேருக்கும் நடுவில் வாசித்துப் பார்த்தார். முடியவில்லை. பொத்தானை அழுத்தி மிஷினை நிறுத்திவிட்டு அம்மாவாசையோடு போனார். சடங்குப் பெண்ணின் தாய்மாமன்கள் ஆட வந்துவிட்டார்கள்.

முடிந்ததும் ராஜாங்கம் சொன்னார்: "நீ வாசிக்க வாசிக்க ஓடுற, அம்மாவாசை."

"எப்பலேந்து?"

"எப்பவுமேதான் போல."

அம்மாவாசை நாற்காலியை நிமிர்த்திவைத்தார். "நீயும்தான கூட ஓடியாந்த," என்றார். பிறகு காரைக்கால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார்.

கீபோர்டின் இடது ஓரத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் தள்ளுகட்டை இருந்தது. பாட்டு ஆரம்பிக்கும் முன் ஒருமுறை வைத்தால் அதோடு சரி என்றுதான் ராஜாங்கம் நினைத்திருந்தார். அந்த வாரம் முழுக்க மில் விட்டு வந்து, வாசிக்கும்போதே இடது கட்டைவிரலால் அதை மயிரிழை மயிரிழையாகத் தள்ளிப் பழகினார். முதலில் பாட்டு குதித்துக் குதித்து ஓடியது.

"மிஷின் கெட்டுப்போச்சா?" என்று அடுப்படியிலிருந்து கமலவேணி கேட்டாள்.

"இல்ல. பழகுது."

அடுத்த முகூர்த்தத்தில் வாசித்தபோது, எந்த இடத்தில் வேகம் கூடியது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசிச் சரணத்தில் ஆடிக்கொண்டிருந்த மாப்பிள்ளைத் தோழர்களுக்கு மூச்சு வாங்கியது. ராஜாங்கத்துக்கும் வாங்கியது.