தேயாத றோலர்

சாம்பவிக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கை பேசும். அன்று காலை வோபர்னில் உள்ள அந்தப் பட்டறைக்குள் ஸ்பானர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பின்னே என்ன? கணக்கியல் படி என்று அம்மா கெஞ்சியதைக் கேளாமல் எஞ்சின் வேலை படித்து, "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் உந்தக் கறுமம்" என்ற சொந்தக்காரரின் வாயையெல்லாம் அடைத்துப் பிடித்த வேலை மேசை அது. நாளையிலிருந்து அது கூட வேலை செய்யும் மரியோவுக்காம். இவள் முன்னறையில் இருந்து போன் எடுக்க வேண்டுமாம்.

காரணம், வாடிக்கையாளர் பேனாட்டின் ஸ்னோமொபைல், பனியில் ஓட்டும் வண்டி. ஒக்டோபரில் அவள் சேர்விஸ் செய்த வண்டி, தை மாதக் குளிரில், உறைந்த ஏரியின் நடுவில் உதறி உதறி நின்றுவிட்டது. மனுசன் மகளையும் கூட்டிக்கொண்டு கரைவரை பனிக்குள் நடந்திருக்கிறார். அவர் கத்தியதில் பிழையில்லை. ஆனால் முதலாளி அருள்நாயகம் செய்த வேலையைப் பாருங்கள். கிளச்சைக் கழற்றினார், ஒருதரம் பார்த்தார், தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"ரெண்டு றோலர் சப்பையாத் தேஞ்சு போச்சு. பிள்ளை பூட்டினதுதான் பிழை."

பேனாட்டுக்குத் தமிழில் சொன்னது போதாதென்று மரியோவுக்கு ஆங்கிலத்திலும் சொன்னார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பேனாட் முன்னறையில் கோப்பியோடு காத்திருக்க, சாம்பவி கிளச்சைத் தன் மேசைக்குத் தூக்கி வந்தாள். அதற்குள் வெயிற் என்று மூன்று சிறிய இரும்புக் கைகள் உண்டு. எஞ்சினின் வேகம் கூடும்போது மூன்றும் ஒன்றாக விரிந்து, ஆளுக்கொரு றோலர் உருளையைத் தள்ளி, பெல்ட்டை இறுக்க வேண்டும். முதலாளி தேய்ந்த இரண்டு றோலரைத்தான் பார்த்தார். மூன்றாவது புத்தம்புதிதாய்ப் பளபளத்துக்கொண்டிருந்தது.

'நீ மட்டும் என்ன சொகுசாய் இருந்தனி?'

அதைத் தள்ள வேண்டிய இரும்புக் கையை விரலால் தட்டினாள். அசையவில்லை. மற்ற இரண்டும் தட்டியவுடன் ஊஞ்சல்போல ஆடின. ஆக, ஒன்று சும்மா இருக்க, அதன் பாரத்தையும் மற்ற இரண்டும் சுமந்து தேய்ந்திருக்கின்றன.

அந்தக் கையின் ஆணியைத் தட்டிக் கழற்றினாள். இந்தக் கிளச்சுக்குள் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக்கூடாது. இங்கே ஆணியைச் சுற்றி மஞ்சளாய் ஏதோ பெல்ட் தூசியோடு சேர்ந்து கல்லாய் இறுகிக் கிடந்தது. ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. சுரண்டி மணந்து பார்த்தாள். சந்தனம்.

ஆயுத பூசை. வருடா வருடம் அருள்நாயகம் பட்டறையில் நிற்கும் வண்டி எல்லாவற்றுக்கும், வேதக்காரக் கிறிஸ்தவரின் வண்டி என்றும் பாராமல், சந்தனமும் குங்குமமும் அள்ளி வைப்பார். "கிளச்சை மூடாமல் விட்டுட்டுப் போம் பிள்ளை, உள்ளுக்கும் பொட்டு வைக்கோணும்" என்று அந்த ஒக்டோபரிலும் அவர்தான் சொன்னார். பூசையன்று அவளுக்கு லீவு. திரும்பி வந்தபோது வண்டியை மூடிப் பேனாட்டிடம் கொடுத்தும் விட்டிருந்தார்.

"அண்ணை, இதை ஒருக்கா வந்து பாருங்கோ."

வந்து பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. குரலைத் தாழ்த்தினார்.

"சாமி விசயம் பிள்ளை. பேனாட்டிட்டச் சொல்ல வேண்டாம். சாமான் சரியில்லையெண்டு சொல்லிச் சமாளிப்பம். நீர் உம்மட மேசையிலையே நில்லும்."

மேசை திரும்பிவிட்டது. கெட்டுப்போன பெயர்? சாம்பவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரும்புக் கையையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு நேரே முன்னறைக்குப் போய், பேனாட்டின் கோப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மணந்து பாருங்கோ அங்கிள்."

பேனாட் மணந்து பார்த்தார். பிறகு, அவளுக்குப் பின்னாலேயே ஓடிவந்த அருள்நாயகத்தின் நெற்றியைப் பார்த்தார். அங்கே சந்தனம், நடுவில் குங்குமம்.

"பிள்ளையில பிழையில்லை," என்றார் அருள்நாயகம், நிலத்தைப் பார்த்தபடி. "நான்தான் பூசிப்போட்டு மூடினனான்."

"சத்தமாச் சொல்லுங்கோ அண்ணை," என்றாள் சாம்பவி. "இங்கிலீசிலையும் சொல்லுங்கோ. மரியோவுக்கும் விளங்கோணும்."