கண்காட்சிக்குப் போன பால்மா

எங்கள் வீட்டுப் பூனைக்குப் பால்மா என்று பெயர் வந்ததில் பெரிய கதையொன்றும் இல்லை. தாய்ப்பூனை அதை எங்கள் கொட்டிலில் கிடந்த பால்மாப் பெட்டிக்குள் விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டது. பூனையும் பால்மா நிறத்தில் இருந்தது. அதைக் கொண்டுபோய் வெளியே விடும்படி அம்மா சொன்னார். நாளைக்கு விடுகிறேன் என்று அப்பா சொன்னார். அந்த நாளை வரவே இல்லை. வளர வளர அதன் ஒரு கண் நீலமாகவே நின்றுவிட்டது, மற்றது நல்ல மஞ்சளாக மாறியது. அதற்குப் பிறகு அதை வெளியே விடுகிற கதையை அம்மாவைத் தவிர வேறு யாரும் எடுக்கவில்லை.

அம்மாவுக்கும் பால்மாவுக்கும் ஆகவே ஆகாது. அம்மா மீன் வெட்ட உட்கார்ந்தால் அது போய் எதிரே உட்காரும். "மூதேவி, அங்காலை போ" என்று அம்மா கத்தியை ஓங்குவார். அந்த அவதியில் ஒரு மீன்தலை தவறிக் கீழே விழும். அதெப்படி ஒவ்வொரு நாளும் ஒரு தலை தவறி விழுகிறது என்று நான் யோசித்ததில்லை. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு பூனைக் கண்காட்சி நடக்கப்போகிறது என்பதை அக்காதான் கைபேசியில் கண்டுபிடித்தாள். எங்கள் பக்கத்தில் அப்படியொன்றை யாரும் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. மாட்டுக்கண்காட்சி என்றால் அப்பாவுக்கு விளங்கும், பூனையில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவர் இரண்டு தரம் கேட்டார். சாதாரண வீட்டுப் பூனைகளுக்கும் ஒரு தனிப் பிரிவு உண்டு என்று அக்கா வாசித்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப எங்கடைதான்" என்றார்.

எனக்கோ அது மானப்பிரச்சினையாகிவிட்டது. என் வகுப்பில் ஒருத்தியிடம் கொழும்பிலிருந்து வந்த பேர்சியன் பூனை இருந்தது. பஞ்சு மூட்டைக்குக் கண் வைத்தது போலிருக்கும். அவளும் கண்காட்சிக்குப் போகிறாளாம். "தெருப்பூனையளை வாசலாலையே உள்ளை விடமாட்டினம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "எங்கடை பால்மா முதலாம் பிள்ளையா வரும், இருந்து பார்" என்று கத்திவிட்டேன். வகுப்பு முழுக்கக் கேட்டது, ரீச்சருக்கும் கேட்டது. இனிப் பால்மா பரிசு எடுக்காவிட்டால் நான் வேறு பள்ளிக்கூடம்தான் பார்க்கவேண்டும் என்ற நிலைமை.

கண்காட்சிச் சட்டங்களை அக்கா ஒரு பின்னேரம் உரத்து வாசித்தாள். ஊசி போட்டிருக்க வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும். பவுடர், சாயம், மாலை, மணி ஒன்றும் கூடாது. உடம்பில் எங்கேயாவது நிறம் பூசியிருப்பது தெரிந்தால் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள். இந்தக் கடைசிச் சட்டத்தை, அப்பாவுக்காக, திரும்பவும் வாசித்தாள்.

"அம்மா, உங்களுக்கும் கேட்டதோ?"

குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கென்னத்துக்கு உந்தக் கதை? உந்தப் பூனையை ஆர் பாக்கப் போகினம்? அதிலை பாக்க என்ன கிடக்கு?"

வெள்ளிக்கிழமை கிணற்றடியில் குளிப்பாட்டு நடந்தது. அக்கா வீடியோ பார்த்துப் படித்திருந்தாள். வீடியோவில் வந்த பூனை வாளிக்குள் சாமியார் மாதிரி இருந்தது. எங்களுடையது அப்பாவின் கையில் ஏறி, தோளில் ஏறி, தலையில் ஏறி, அங்கிருந்து கிணற்றுக்கட்டுக்குப் பாயப் பார்த்தது. அப்பா "ஐயோ, பிடியுங்கோடி!" என்று அலறினார். அந்தச் சத்தத்துக்கு அம்மா ஒரு கிண்ணத்தோடு வந்தார்.

"சவுக்காரம் போட்டா மயிர் கொட்டுண்டு போகும். இந்தா, பயத்தம்மா. வண்டு பிடிச்சது, எறியத்தான் வைச்சிருந்தனான்."

அந்தப் பயறை மில்லுக்குக் கொண்டுபோய்த் திரித்துக்கொண்டு வந்தவள் நான். அதுவும் அந்தக் கிழமைதான். அதற்குள் எப்படி வண்டு பிடித்தது என்று கேட்க வாயெடுத்தேன், ஆனால் அம்மா பூனையின் கழுத்தைப் பிடித்து, குழந்தைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் நாடியைத் தூக்கித் தேய்த்து, கண்ணுக்குள் தண்ணீர் போகாமல் கையை அணைகட்டிக் கழுவி, எங்கள் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார். பால்மா ஒரு சத்தமும் போடவில்லை.

பயணத்துக்குக் கட்டுவது அப்பாவின் பொறுப்பு. கண்காட்சிக்கென்று விற்கிற பூனைக்கூட்டை அக்கா கைபேசியில் காட்டினாள். அப்பா அதைப் பார்த்துச் சிரித்தார். தோட்டத்திலிருந்து தக்காளி ஏற்றுகிற பிளாஸ்ரிக் கூடைகள் இரண்டைக் கழுவிக் காயவைத்தார். ஒன்றின்மேல் ஒன்றை வாய்க்கு வாய் கவிழ்த்துக் கட்டுக்கம்பியால் கட்டினார். அடியில் வாழைச்சருகை நார் நீக்கி, தக்காளிக்குப் பரப்புவது போலவே பரப்பினார். அதற்குமேல் தன்னுடைய பழைய சாரத்தை மடித்து விரித்தார்.

"என்ரை தக்காளி ஒண்டும் நசியாமல் தம்புள்ளைச் சந்தை மட்டும் போகுது. உந்தப் பூனை ரவுணுக்குப் போகாதோ?"

அதோடு விடவில்லை. ஒரு பூசணிக்காயை உள்ளே வைத்துக் கட்டி, சைக்கிள் கரியரில் ஏற்றி, பள்ளமும் திட்டியுமான எங்கள் ஒழுங்கையால் மருதனார்மடச் சந்திவரை ஓடிப்போய்த் திரும்பி வந்தார். பூசணிக்காய்க்கு ஒரு கீறலும் இல்லை. வழியில் கேட்ட எல்லோருக்கும், பூனை கண்காட்சிக்குப் போவதற்காகப் பூசணிக்காய் பயணம் போகிறது என்று விளக்கம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

சீப்பு, துவாய், தண்ணீர்ப் போத்தல், மண் நிரப்பிய தகரம், ஊசி போட்ட அட்டை எல்லாம் அக்காவின் பைக்குள் போயின. எனக்குத் தந்த வேலை, ஞாயிறு விடியும்வரை பால்மா புழுதியில் புரளாமல் காவல் காப்பது. காவற்காரியாக இருந்ததில் எனக்கு அவ்வளவு பெருமை. ஒழுங்கையால் போகிறவர்களை வலிய மறித்து, "நாங்கள் கண்காட்சிக்குப் போறம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை அம்மா எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டார். பின்னி முடித்ததும் வழக்கம்போல் சிரட்டையை எடுத்தார். அரிசியைக் கருக்கிக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி இறுகவைத்த கறுத்தப் பொட்டு அது. நாங்கள் குழந்தையாக இருந்தபோது நாவூறு, கண்ணூறு படாமலிருக்கக் கன்னத்தில் வைத்தது. வளர்ந்த பிறகும் நல்லநாள் பெருநாளுக்கு வெளிக்கிட்டால் அம்மா விரலை நனைத்துத் தேய்த்து, வெளியே தெரியாமல் காதுக்குப் பின்னால் ஒன்று வைத்துவிடுவார். எனக்கு அது அரியண்டம். தலையை ஆட்டினால் குட்டு விழும் என்பதால் பேசாமல் நிற்பேன்.

அம்மா எங்களோடு வரவில்லை. தக்காளி ஏற்ற லொறி வரும், வீட்டில் ஆள் வேண்டும் என்றார். ஓட்டோ வெளிக்கிடுகிற நேரத்தில், "நில்லுங்கோ, நில்லுங்கோ, மீனை விட்டிட்டுப் போறியள்" என்று ஓடிவந்தார். அவித்த மீனை வாழையிலையில் சுற்றியிருந்தார். அதை அக்காவிடம் தந்துவிட்டு, கூடையின் கம்பியைத் தளர்த்திக் கையை உள்ளே விட்டு, பூனையை ஏதோ செய்தார். ஏசினார் என்றுதான் நினைத்தேன். "போய்ச் சும்மா மானத்தை வாங்காதை" என்று அதனிடம் சொன்னது மட்டும் கேட்டது.

சந்தியில் ஆஞ்சநேயர் கோயிலடியில் அப்பா ஓட்டோவை நிற்பாட்டச் சொன்னார். இறங்கிக் கும்பிட்டு, எங்களுக்குத் திருநீறு பூசி, மிச்சத்தைக் கூடைக்குள் நீட்டினார். அக்கா அவருடைய கையைப் பாய்ந்து பிடித்தாள்.

"அப்பா! திருநீறும் நிறந்தான்!"

"எடி, வெள்ளைப் பூனைக்கு வெள்ளைத் திருநீறு. ஆருக்குத் தெரியும்?"

"விலக்கிப்போடுவினம் அப்பா!"

அப்பா மனமில்லாமல் திருநீற்றைத் தன் நெற்றியிலேயே இன்னொரு தரம் பூசிக்கொண்டார். அக்கா அதன்பிறகு ரவுண் வரும்வரை கூடையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்துக்குள் போனோம். எங்கே பார்த்தாலும் பஞ்சுப் பூனைகள், மெத்தை வைத்த கூடுகள், சிறு மின்விசிறி பூட்டிய கூடுகூட ஒன்று. எங்களுடைய தக்காளிக் கூடையைக் கண்டு இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பா அவர்களைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். வாசலில் எங்களை யாரும் தடுக்கவில்லை. நான் என் வகுப்புக்காரியைத் தேடிப்பிடித்து, அதை அவள் கண்டாளா என்று உறுதிசெய்துகொண்டேன். அவளுடைய பூனை துவாய்க்கடியில் தலையை ஒளித்துக்கொண்டு நடுங்கியது.

வீட்டுப் பூனைகளின் முறை வந்தது. வெள்ளைச் சீலை விரித்த மேசைக்குப் பின்னால் ஒரு மிருக வைத்தியர் நின்றார், நடுவர் அவர்தான். அவருக்குக் கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது. மற்றப் பூனைகள் பாய்ந்தன, கத்தின, ஒன்று சீலையை நனைத்தது. பால்மா மேசையில் ஏறியதும் கலியாணவீட்டில் மாப்பிள்ளையின் தாய் இருப்பதுபோல் இருந்தது. நடுவர் அதன் கண்களைப் பார்த்தார். பக்கத்து மேசை நடுவரையும் கூப்பிட்டுக் காட்டினார். மயிரை ஊதினார், பல்லைப் பார்த்தார். "நல்ல வடிவாய் வளர்த்திருக்கிறியள்" என்றார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். மண்டபத்தில் பரிசு வாங்கப் போகும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்றெல்லாம் நான் யோசித்துவிட்டேன்.

அப்போது அவர் பால்மாவின் காதை மடித்தார். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, ஈரப்பஞ்சால் ஓரத்தைத் தொட்டார். பஞ்சு கறுத்தது.

"இது என்ன பிள்ளை? நிறம் பூசினீங்களோ?"

அக்காவின் முகத்தில் இரத்தமே இல்லை. "சத்தியமா இல்லை டொக்டர்! நாங்கள் ஒண்டுமே பூசேல்லை!" என்றவள் அழத் தொடங்கினாள். சுற்றிநின்ற சனம் எட்டிப் பார்த்தது. நிலம் பிளந்தால் நான் உள்ளே போயிருப்பேன். அப்பாதான் முன்னுக்கு வந்தார். பஞ்சைப் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்து நடுவருக்கு முன்னால் நிற்பாட்டி, தலையைத் திருப்பி, என் காதை மடித்துக் காட்டினார்.

"ரண்டும் ஒரே ஆள் வைச்ச பொட்டு டொக்டர். வீட்டுக்காரி."

முதலில் நடுவர்தான் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. யாரோ கைதட்டினார்கள். ஆனாலும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எனக்கு விளங்குது ஐயா. ஆனால் சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே. பரிசு குடுக்கேலாது" என்றார். மிச்சப் பொட்டை அவர் அழிக்கவில்லை. காதைப் பழையபடி நிமிர்த்தி, தடவிவிட்டு, பால்மாவை அப்பாவின் கையில் தந்தார். முதற்பரிசு ஒரு செம்மஞ்சள் பூனைக்குப் போனது.

நான் அழுதேன். நல்லாய் அழுதேன். ஆனால் அழுவதற்கும் விட்டால்தானே! பொட்டு வைத்த பூனை எது என்று கேட்டுக் கேட்டுச் சனம் எங்கள் தக்காளிக் கூடையடிக்கு வந்தது. ஒவ்வொருவரும் காதை மடித்துப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். சிலர் என் காதையும் எடுத்தார்கள். அப்பா பூசணிக்காய்ப் பயணத்திலிருந்து தொடங்கி எல்லோருக்கும் முழுக்கதையும் சொன்னார். கடைசியில் என் வகுப்புக்காரி வந்து, தன் காலையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"உன்ரை அம்மா எங்கடை பூனைக்கும் ஒண்டு வைச்சுவிடுவாவோ?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன், பெரிய மனுசி மாதிரி.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசற் படலையடியில் நின்றார். பரிசு எங்கே என்று அவர் கேட்கவில்லை. "சனம் வந்ததோ? எல்லாரும் பாத்தவையோ?" என்றுதான் கேட்டார்.

அக்கா வெடித்தாள். "உங்கடை பொட்டாலை எல்லாம் போச்சு! நிறம் பூசினதெண்டு விலக்கிப்போட்டினம்!"

அம்மா அப்பாவைப் பார்த்தார். "இஞ்சாருங்கோ, அப்ப பொட்டு இல்லாட்டில் இதுக்குத்தான் முதற்பரிசு எண்டு சொன்னவையோ?"

அப்படி யாரும் சொல்லவில்லை. நான் பக்கத்திலேயே நின்றவள். எங்கள் அப்பா நசிந்த தக்காளியை நசிந்தது என்று சொல்லி விற்கிற மனிதர். அவர் கம்பியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, தலை நிமிராமல், "ஓம்" என்றார்.

"அது எனக்குத் தெரியும்" என்றார் அம்மா.

கவலையின் நிழல்கூட அந்த முகத்தில் இல்லை. பால்மாவைக் கூடையிலிருந்து தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து அதைச் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் வெடித்தும் ஒருவருக்கும் தும்மல் வரவில்லை. அவ்வளவு சனத்தின் கண் பட்டிருக்கிறதாம். "பாத்தியளே, நான் சொன்னனான்!" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. அவர் சொன்னது அதுவல்லவே, அந்தப் பூனையை யார் பார்க்கப்போகிறார்கள் என்றல்லவா சொன்னார் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைக்கிற ஒன்றுக்கு எந்தத் தாயும் பொட்டு வைப்பதில்லை. நாங்கள் மூன்று பேரும் பால்மா வென்றாலும் வெல்லும் என்றுதான் கூடை கட்டினோம். அம்மாவுக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. எங்கள் வீட்டு முதற்பரிசு ஓட்டோ வெளிக்கிட முன்னமே கொடுத்து முடிந்துவிட்டது என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. நான் கோபத்தோடு கிணற்றடியில் நின்று, என் காதுக்குப் பின்னால் இருந்ததைச் சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன்.