உடைந்த குடத்துக்கு ஊற்றிய நீர்

"உடைஞ்ச குடத்துக்கு யாராவது தண்ணி ஊத்துவாங்களா? நீ படிச்சதெல்லாம் இதை நம்பத்தானா, மகள்?"

பிரசவ அறையில், ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே, அம்மா என்னிடம் கேட்டது இது. அதே கட்டிலில் நாளை நீங்கள் படுத்திருக்கலாம். அதனால் எழுதுகிறேன்.

எனக்குத் தொடங்கியது கொச்சிக்கடையில். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோவிலுக்குப் போவதை எங்கள் வீட்டில் யாரும் தவறவிடுவதில்லை. நிறைமாதத்திலும் கூட்டத்தில் நின்றேன். செபம் முடியுமுன் உள்பாவாடை நனைந்திருந்தது. கடைசி மாதத்தில் சிறுநீர் அடங்காது, ஆசீர் வாங்காமல் நடுவில் போகக் கூடாது என்றார் அம்மா. நானும் நின்றேன். வீட்டுக்கு வந்தும் கசிவு நிற்கவில்லை. வாடையும் வேறாக இருந்தது. மறுநாள் காலையில்தான் வைத்தியசாலைக்குப் போனேன். நீங்கள் மறுநாள்வரை பொறுக்க வேண்டாம்.

பனிக்குடம் உடைந்திருந்தது. அதன் நீர் (வயிற்றில் பிள்ளையைச் சூழ்ந்திருக்கும் நீர்) மிகவும் குறைந்துவிட்டதாக ஸ்கேன் காட்டியது. வலி வர மருந்து ஏற்றினார்கள். துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடுவார்கள். அம்மா வந்தார்.

என் வயிற்றில் கட்டிய பட்டியிலிருந்து பிள்ளையின் இதயத் துடிப்பு தையல் மெசின் ஓடுவதுபோலக் கேட்டது. ஒவ்வொரு வலியிலும் அந்தச் சத்தம் தளர்ந்தது. நீர் இல்லாததால் தொப்புள்கொடி நசுங்குகிறது என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார். மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் சேலைன் (உடலுக்கு ஒத்த உப்பு நீர்) விடலாம், கொடிக்கு இடம் கிடைக்கும், பலன் இல்லாவிட்டால் சத்திரசிகிச்சை என்றார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவின் சிங்களம் சந்தைக்கு மட்டும் போதும். சிறுவயதிலிருந்தே எந்த அரசாங்க அலுவலுக்குக் கந்தோர் போனாலும் அவருக்கு நான்தான் வாய். இந்த முறை என் வயிற்றைப் பற்றியே மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்போதுதான் உடைந்த குடத்தைப் பற்றிக் கேட்டார். பிள்ளை மூழ்கிப்போகும் என்றும் பயந்தார். அது இத்தனை மாதமும் தண்ணீருக்குள்தான் இருந்தது, அதற்கு மூச்சு கொடிவழியாக வருகிறது என்றேன்.

"உனக்கு எல்லாம் தெரியும்" என்றார். பாராட்டாக அல்ல.

டொக்டரிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன்: இதில் என்ன ஆபத்து, எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள்? இரண்டுக்கும் பொறுமையாகப் பதில் வந்தது. சம்மதித்தேன்.

குழாய் போனபோது அழுத்தம் தெரிந்தது, வலி அதிகமில்லை. கொஞ்ச நேரத்தில் தொடைகளுக்கிடையே நீர் வழிந்தது. அம்மா விரிப்பைக் காட்டினார்.

"பார். ஊத்தினதெல்லாம் கீழ."

அந்த நேரம் எனக்கும் மனம் ஆடியது. தாதியைக் கூப்பிட்டேன். வெளியே வரத்தான் வேண்டும், உள்ளே போனது வராமல் நின்றால்தான் பயம் என்றார். அதையும் அம்மாவுக்குச் சொன்னேன்.

அடுத்த வலி வந்தது. இருவரும் பேச்சை நிறுத்திக் காதைக் கொடுத்தோம். சத்தம் சற்றுத் தளர்ந்து உடனே எழும்பியது. அதற்கடுத்த வலியில் தளரவேயில்லை. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இப்ப விழல்ல, மகள்."

அதை யாரும் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.

பின்னேரம் என் மகள் பிறந்தாள். சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. எல்லோருக்கும் இப்படி முடியும் என்று சொல்லமாட்டேன். சத்திரசிகிச்சை தேவைப்பட்டாலும் அது தோல்வியில்லை.

முன்பெல்லாம் என் உடம்பை மூடிவைத்த பாத்திரம்போல நினைத்திருந்தேன், கீறல் விழுந்தால் முடிந்தது என்று. கசிந்துகொண்டே நிறையவும் அதற்கு முடியும் என்று இப்போது தெரியும். நேரமும் மாறிவிட்டது. சுவர் மணிக்கூட்டை இப்போது அவ்வளவாகப் பார்ப்பதில்லை. மகள் நெஞ்சில் கிடக்கும்போது, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் காத்திருக்கிறேன்.

கொட்டாஞ்சேனையில், வரிசை வீடுகள் நெருங்கிய எங்கள் தோட்டத்துக் குழாயடியில் இந்தக் கதையைச் சொல்வது இப்போது அம்மாதான். "ஊத்தினது வெளிய வரணும், வராட்டித்தான் பயம்" என்று, தானே ஊற்றியதுபோல.

நான் மருத்துவிச்சிப் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். போன புதன்கிழமை மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு நேர்முகத்துக்குப் போனேன். பயந்துபோன ஒரு தாய்க்கு இந்தச் சிகிச்சையைத் தமிழில் எப்படி விளக்குவீர்கள் என்று கேட்டார்கள்.

உடைந்த குடத்திலிருந்து தொடங்கினேன்.