டெர்வ்லா அத்தையின் நகங்கள்

டெர்வ்லா அத்தை ரொட்டிக்கு மாவு பிசைந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. பிசைந்ததெல்லாம் ஃபெஸ்டஸ் மாமாதான். உருளைக்கிழங்கு உரிப்பதும் அடுப்புச் சாம்பல் அள்ளுவதும்கூட அவர் வேலை. அத்தையின் யாழுக்குப் பித்தளைக் கம்பிகள். அதை நகத்தால்தான் மீட்ட வேண்டும். நகம் ஒடிந்தால் அது வளரும்வரை வாசிப்பு கிடையாது. எங்கள் மேயோ கடற்கரை ஆண்கள் இதைச் சும்மா விடுவார்களா?

"என்ன ஃபெஸ்டி, ராணியம்மாவுக்கு சாக்ஸ் மாட்டி விட்டுட்டியா?" என்பார்கள் மதுக்கடையில்.

"மாட்டியாச்சு. உனக்கு மாட்டி விடத்தான் ஆளில்ல, பாவம்."

கல்யாணத்துக்கு முன் மாமா கோடைதோறும் ஸ்காட்லாந்துக்குக் கிழங்கு தோண்டும் கூலியாகப் போனவர். அங்கே பால் கறக்கும் பெண்ணொருத்தி முணுமுணுத்த மெட்டைச் சீட்டியடித்தபடி ஊருக்குக் கொண்டுவந்தார். அத்தை அதை யாழில் ஏற்றினாள். கல்யாண வீடுகளில் எங்கள் ஊர்த் துள்ளல் மெட்டுகளையெல்லாம் வாசிப்பாள். அந்த மெட்டு மட்டும் அவருக்கு.

மறதி நோய் முற்றியபோது மாமாவுக்கு முதலில் என் பெயர் போயிற்று, பிறகு அத்தையின் முகம். "யாரும்மா நீங்க?" என்று கேட்பார். அந்த மெட்டை வாசித்தால் மட்டும் தலையைத் திருப்புவார்.

"வந்துட்டியா புள்ள? எங்க போயிருந்த?"

"இங்கதான்யா இருக்கேன்" என்பாள் அத்தை. நாள் முழுக்க அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

படுக்கையில் விழுந்தபின், வேறு யார் தொட்டாலும் மாமா கத்தினார். அத்தைதான் தூக்கினாள், துடைத்தாள், புரட்டினாள். அவர் தோல் நனைந்த காகிதம்போல் ஆகியிருந்தது. எத்தனை கவனமாகத் தொட்டாலும் கீறல் விழுந்தது. முதுகில் ஒன்று சீழ் பிடித்தது.

கட்டுப் போட வந்த செவிலி லவெல் நேராகச் சொன்னாள். "இன்னொன்னு இப்படி ஆச்சுன்னா ஆஸ்பத்திரிதான். அங்க போனா அவர் திரும்ப மாட்டார். நகத்த வெட்டிடு டெர்வ்லா."

"கையுறை போட்டுக்கறேனே."

"போட்டுப் பாத்தாச்சே. அதையும் கிழிச்சிட்டு வருது."

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். எதற்கும் என்னிடம் வழி இருக்கும் என்று வீட்டில் நம்புவார்கள், நானும் நம்பினேன். வெட்டியபின் வாசிக்கும்போது மட்டும் ஒட்டிக்கொள்ளட்டும் என்று பலினா கடைத்தெருவில் ஒட்டு நகம் வாங்கி வந்தேன். முதல் கம்பியிலேயே ஒன்று தெறித்துத் தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது.

"படிச்ச புள்ள கண்டுபுடிச்ச மருந்து!" என்று அத்தை சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் கத்தரிக்கோலை நீட்டினாள். "நீயே வெட்டு. என்னால முடியாது."

அவரைத் தொடுவதா, அவர் தன்னைக் கண்டுகொள்வதா, இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு எந்தப் புத்தகமும் உதவவில்லை. வெட்டினேன். சரியாகத்தான் செய்தேனா என்று இன்னும் தெரியவில்லை.

அன்று மாலை விரல் நுனிகளால் வாசித்தாள். மெட்டு அதேதான். ஆனால் மணியடித்து ஓய்ந்தபின்னும் காற்றில் நிற்குமே, அந்த நாதம் இல்லை; கம்பளிக்குள் பொதிந்ததுபோல் மங்கலாகக் கேட்டது. மாமா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா வாசிக்கிறீங்கம்மா. இது என் வீட்டுக்காரிக்கும் தெரியும்."

"அவ எங்க?"

"தெரியல. மழை வேற. கோட்டுகூட எடுத்துட்டுப் போகல."

"நான் போய்க் கூட்டிட்டு வரேன்" என்று அத்தை எழுந்தாள். வெறுங்கையோடு வாசலுக்குப் போனாள். சுவரோரம் மழையில் நின்றாள். உள்ளே வர அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

மாமா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்கம்மா. அவளப் பாத்தீங்களா?"

"பாத்தேன். வந்துகிட்டிருக்கா."

ஈரக் கைகளைத் துடைத்து, அடுப்பில் சூடு காட்டி, அவரை மெல்லப் புரட்டிப் படுக்கவைத்தாள். கீறல் விழவில்லை.