லிஃப்ட் மெக்கானிக்கின் சுருட்டை முடி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வழுக்கை விழுவதைப் போலக் கொடுமை வேறில்லை. மற்றவர்கள் காலையில் ஒருமுறை கண்ணாடி பார்த்துக் கவலைப்பட்டுவிட்டு வேலைக்குப் போய்விடலாம். எங்களுக்கு வேலையே லிஃப்டுக் கண்ணாடிக்குள்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் மண்டையே நம்மை முறைக்கும். என்னோடு வேலை பார்க்கும் அண்ணன் லிஃப்ட் கதவைச் சரிபார்த்ததைவிடத் தன் தலையைச் சரிபார்த்ததுதான் அதிகம். கம்பெனியில் அவருக்குப் பெயரே ‘கண்ணாடி’தான்.

நாற்பதை நெருங்கும்போது அவருக்குக் கல்யாணம் கூடிவந்தது. அண்ணி ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். கணவனை இழந்தவர், பள்ளிக்குப் போகும் மகள் ஒருத்தி. மாப்பிள்ளை உடனே போய் முடி நட்டுக்கொண்டு வந்துவிட்டார். பின்மண்டையில் எடுத்து முன்மண்டையில் நடுவது.

“வந்தா மலை, போனா மயிருன்னு சொல்லுவாங்க. உங்களுக்கு வந்தாலும் மயிருதான், போனாலும் மயிருதாண்ணே” என்றேன். மனிதர் சிரிக்கவில்லை.

கல்யாணம் முடிந்து சில மாதங்களில் முடி முளைத்தது. வந்ததுதான் வந்தது, சுருட்டையாக வந்தது. பிறந்ததிலிருந்து கோரைமுடி அவருக்கு. இதுவோ பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. எண்ணெய்க்கும் படியவில்லை, தண்ணீருக்கும் படியவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். டாக்டரிடம் ஓடினார். நட்ட முடி சிலருக்கு முதலில் இப்படி முரடாக வரும், போகப்போகப் பழையபடி ஆகிவிடும், பொறுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர்.

வீட்டில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அந்தக் குழந்தை அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அப்பா இல்லை, அங்கிள்கூட இல்லை. “அம்மா, சாப்பிட வரச் சொல்லு” என்பாள், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது. இதை அண்ணன் அடிக்கடி சொல்வார். அப்போதெல்லாம் கேலி பேச எனக்கு வாய் வராது.

அண்ணிக்கு ஷிஃப்ட் மாறிய ஒருநாள், பள்ளி விட்டதும் குழந்தையை நாங்கள் வேலை பார்த்த கட்டடத்துக்கே கூட்டிவந்துவிட்டார். லிஃப்டை மேலும் கீழும் ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்தோம். காய்கறிப் பையோடு ஏறிய அம்மா ஒருவர் இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். குழந்தைக்குப் பிறவிச் சுருட்டை.

“அப்பா முடி அப்படியே வந்திருக்கே உனக்கு!”

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்கும் பக்கென்றது. அவள் நிமிர்ந்து அவர் தலையைப் பார்த்தாள்.

“ஆமா ஆன்ட்டி. எங்களுக்குச் சீப்பே இறங்காது” என்றாள்.

எங்களுக்கு என்றாள். அண்ணன் திரும்பிக்கொண்டு பட்டன் பலகையில் பழுது தேட ஆரம்பித்தார். அதில் ஒரு பழுதும் இல்லை.

அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே சீப்பு. கொஞ்ச நாளில் ‘அப்பா’வும் வந்துவிட்டது. மனிதர் தரையில் நடக்கவில்லை.

டாக்டர் வாக்கும் பலித்தது. முடி மெல்ல மெல்லப் படியத் தொடங்கியது. வேறு எவனாயிருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பான். இவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

“முழுசா நேராயிடுச்சுன்னா நான் அவளுக்கு யாருடா?”

“முடியை வெச்சாண்ணே பாசம்?”

“உனக்குப் புரியாது. அவ பிடிச்சுக்கிட்டதே அதைத்தான்.”

பார்லருக்குப் போய்ச் சுருட்டிவிடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். நட்ட முடியில் மருந்து வைக்கமாட்டேன் என்று அங்கிருந்த பெண் கையை விரித்துவிட்டாள். அப்புறம் தொப்பிதான். வீட்டுக்குள்ளும் தொப்பி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, பின்னாலிருந்து வந்து வெடுக்கென்று தொப்பியைப் பிடுங்கிவிட்டாள் குழந்தை. அண்ணன் அசையவில்லை. நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தேன். அவள் அவர் தலையில் விரல்களை விட்டுப் பார்த்தாள். எங்கும் சிக்கவில்லை. பிறகு தன் முடியில் ஒரு சுருளைப் பிடித்து இழுத்தாள். விட்டதும் அது சுருண்டுகொண்டது.

“உங்களுக்கு நேராயிடுச்சே. எனக்கு எப்போப்பா ஆகும்?”

அடுப்படியிலிருந்து அண்ணிதான் பதில் சொன்னார்: “உங்கப்பாவுக்கே நாப்பது வயசுலதாண்டி ஆச்சு. நீயும் பொறு.”